எய்யாத அம்பு

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் மொழி. வில் வேட்டையும் அத்தகையதே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். வட அமெரிக்காவின் வெண்வால் மானை வில்லால் வேட்டையாடிப் பழகியவர்கள் எழுதிய நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறியது.

இந்நூல் மரபு பழமையானது. மாரிஸ் தாம்சன் 1878-இல் வெளியிட்ட நூல் அமெரிக்கரிடையே வில்லின்மீது ஆர்வத்தை வளர்த்தது. யாஹி இனத்தின் கடைசி மனிதராகக் கருதப்படும் இஷி, 1911-இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்தார். அவரிடம் வில் பயின்றவர் சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர். 1916-இல் இஷி காசநோயால் மறைந்தார். தாம் கற்றவற்றையும் பட்டறிந்தவற்றையும் போப் 1923-இல் நூலாக்கினார். ஆசான் மறைந்தாலும் அவர் கலை ஏட்டில் நின்றது. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லாளருக்கென மான் வேட்டைக் காலம் ஒன்றைத் தனியே ஒதுக்கியது.

இந்நூல்கள் முதலில் கற்பிப்பது வில்லை அன்று, காற்றை! வெண்வால் மானுக்குக் கண்ணினும் மூக்கே பெருங்காவல். மனித வாடை பட்டால் வாலை உயர்த்தி, அதன் அடிப்புற வெண்மை தெரியப் பாய்ந்து மறையும். ஆகவே, மான் வரும் வழிக்குக் காற்று எதிர்ப்புறமிருந்து தம்மை நோக்கி வீசும் இடத்தையே வேட்டைக்காரர் தேர்வர். மலைச்சரிவில் காலை வெயிலேறக் காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்திற்கு இறங்கும். காலையில் ஏற்ற மரம் மாலையில் ஏற்றதாகாமல் போவது இதனால்தான்.

அடுத்தது தடயங்களைப் படிப்பது. கலைமான் கொம்பால் உராய்ந்து பட்டை உரித்த இளமரம், குளம்பால் கீறிய தரை, உதிர்ந்த ஓக் கொட்டைகளைத் தின்ற சுவடு ஆகியவை மான் நடமாடும் வழியை உணர்த்தும்.

இனி, அம்பின் கதைக்கு வருவோம். மான் 20 மீட்டர் தொலைவில் நிற்கிறது எனக் கொள்வோம். நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு அதை அடையக் கால் நொடி ஆகும். நாணின் ஒலியோ ஏறத்தாழ 0.06 நொடியில் அதன் செவியை எட்டிவிடும். வெருண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும், குறி தப்பும். அம்பு நெஞ்சிலோ நுரையீரலிலோ பாய்ந்தால் மான் விரைவில் இறக்கும். வயிற்றில் பட்டாலோ பல மணி நேரம் துடிக்கும். எனவேதான், மான் பக்கவாட்டில் நிற்காவிட்டால், இடையே ஒரு கிளை குறுக்கிட்டால், நாணைத் தளர்த்திவிடு என்கிறார்கள் அனுபவசாலிகள்.

எய்தபின்னும் உடனே துரத்தலாகாது. துரத்தினால் காயம்பட்ட மான் நெடுந்தூரம் ஓடிவிடும். அரைமணி நேரமேனும் காத்திருந்து, குருதித் துளிகளைப் பின்பற்றிச் சென்று, அதைக் கண்டெடுப்பது வேட்டைக்காரரின் கடமை.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது; அது நன்றே. நான் வில்லேந்திக் காடு புகப்போவதில்லை. விரல்களின் பழக்கத்தை நூல் தராது என்பதும் உண்மையே. ஆனால் அந்நூல்களில் என்னைக் கவர்ந்த பக்கங்கள் வெற்றியைப் பேசியவை அல்ல. தம் தவறான அம்பினால் ஓர் உயிர் வதைபட்டதை மறைக்காமல் ஒப்புக்கொண்டவை. அப்பக்கங்களைப் படித்தவன் அதே தவற்றைச் செய்துதான் பாடம் கற்க வேண்டும் என்பதில்லை. ஒரு மானின் வேதனையேனும் அதனால் குறையுமாயின், ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவியதாகவே பொருள்!