கெப்பா, கன்ரரா?

உயிலங்குளத்துக் கமக்காரர் ஒருவரின் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வீட்டுக்குள் ஒரு வழக்கு தொடங்கிவிடும். மகன் டபுள் கெப் வேண்டுமென்பான். தகப்பன், எடுத்தால் கன்ரர்தான் என்பார். தாய் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, "நிக்கிற ட்ரக்டருக்கு நல்ல பெட்டி ஒண்டு அடிப்பியுங்கோ, மிச்சக் காசு வங்கியில கிடக்கட்டும்" என்பா. மூன்று பேர் பக்கத்திலும் நியாயம் இருப்பதால் வழக்கு ஒரு போகத்தில் தீராது. கட்டுக்கரைக்குளத் தண்ணீர் வாய்க்காலில் வந்து, விதைத்து, வெட்டி, அடுத்த போகமும் வந்துவிடும். வழக்கு அப்படியே இருக்கும்.

வெளிநாட்டில் பிக்கப் வாங்குகிறவனுக்கும் இதே தலையிடிதான்: நடுத்தர அளவா, முழு அளவா? எங்களூரில் அந்தக் கேள்விக்குப் பெயர் கெப்பா, கன்ரரா. முன்பக்கம் நாலைந்து பேர் இருந்து, பின்னால் ஒரு தொன்வரை ஏற்றலாமென்றால் அது கெப். மூன்று நான்கு தொன் பாரம் இழுக்கும் சின்ன லொறி எந்தக் கொம்பனியுடையதாக இருந்தாலும் எங்களுக்குக் கன்ரர்தான். இரண்டுக்கும் கீழே டாட்டா ஏஸ். இலங்கையில் அதைக் கொண்டுவந்து விற்ற டிமோ நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து அது 'டிமோ பட்டா' ஆயிற்று. இப்போது வெறும் பட்டா.

இந்த வழக்கு நடக்க முடிவதே புதிது. கால் நூற்றாண்டுக்கு முன் இங்கே வாகனத்தின் அளவைத் தீர்மானித்தது வாங்குகிறவன் அல்ல.

மன்னாரிலிருந்து முருங்கனுக்குப் போகும் ஏ-14 வீதியில், அடம்பன் பக்கம் திரும்பும் இடத்தில் இருக்கிறது உயிலங்குளம். போர்க்காலத்தில் இந்தப் பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரருக்கு வயல் நினைவுக்கு வராது, சோதனைச்சாவடிதான் வரும். ஓமந்தையையும் முகமாலையையும் போல இதுவும் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவிலிருந்த வாசல். வீதி இராணுவத்திடம், உள்ளே வடக்கு புலிகள் இயக்கத்திடம். 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாவதற்கு முன் டீசல், பெற்றோல், சீமெந்து, பற்றரி, யூரியா எல்லாம் வன்னிக்குத் தடைப்பட்ட பொருள்கள். போக அனுமதித்ததையும் சும்மா கொண்டுபோக முடியாது. இறக்க வேண்டும், பிரித்துக் காட்ட வேண்டும், திரும்பக் கட்டி ஏற்ற வேண்டும். பெரிய வாகனம் என்றால் பெரிய இறக்கம், பெரிய ஏற்றம், அவ்வளவுதான். ஒரு லொறிச் சாமானை இறக்கி ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், வாசலும் பூட்டிவிடும். ஆகவே கெட்டிக்காரன் சிறிதாகவே கொண்டுபோனான். சைக்கிள் கரியரில் ஒரு மூடை, சட்டத்துக்குக் குறுக்கே தடி கட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை, ஹான்டிலில் மண்ணெண்ணெய்க் கான் ஒன்று. அன்றைய இலகுரகப் பாரவூர்தி அதுதான்.

எஞ்சின் உள்ள வாகனம் வைத்திருந்தவனுக்கு வேறொரு தொல்லை. பெற்றோல் தங்கம் விலை விற்றதால் பழைய ஏ-40 கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் கார்புரேட்டருக்குள் விட்டு உதைக்க வேண்டும். பற்றி எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் எஞ்சின் இருமி நின்றுவிடும், கொஞ்சம் பிந்தினால் அன்றைய பெற்றோல் முடிந்துவிடும். இந்த வித்தை தெரிந்த பொடியனுக்கு ஊரில் தனி மரியாதை.

அந்தக் காலத்தில் பிக்கப் யாரிடம் இருந்தது? கொடி கட்டிய வெள்ளை டபுள் கெப்பில் வந்தவர்கள் செஞ்சிலுவைக்காரரும் அரச சார்பற்ற நிறுவனத்தாரும். வாசலுக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் பிக்கப். இந்தப் பக்கம் படைக்காரரின் வாகனங்கள். சனத்துக்கு மாட்டு வண்டி, சைக்கிள், ட்ரக்டர் பெட்டி, இ.போ.ச. பஸ்ஸின் கூரை. வரிசையில் நிற்கிறவன் ஒரு சாதி, புழுதி கிளப்பிக்கொண்டு வரிசையைத் தாண்டிப் போகிறவன் இன்னொரு சாதி. இன்று டபுள் கெப்புக்காக வாதாடும் மகன்களில் பலர் அந்தப் புழுதியைத் தின்று வளர்ந்தவர்கள், இல்லாவிட்டால் தின்றவர்களின் பிள்ளைகள். நெல்லுக்கென்று அவர்கள் சொல்லும் காரணத்தை நான் முழுதாக நம்புவதில்லை. கெப்பின் ஆசை பின்பெட்டியில் இல்லை, முன் ஆசனத்தில் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்குப் பார்க்கும்போது மட்டும் அதை நெல் கணக்கில் எழுதக்கூடாது.

பெரிய பெட்டிதான் பெட்டி என்றான காலமும் ஒன்று இருந்தது. 2008 இல் மடுவும் அடம்பனும் விடத்தல்தீவும் ஒன்றன்பின் ஒன்றாகப் படையினர் வசமாக, உள்ளே இருந்த சனம் வடக்கும் கிழக்குமாக நகர்ந்தது. ட்ரக்டரும் பெட்டியும் உள்ள குடும்பம் கூரைத் தகரம், கதவு நிலை, நெல் மூடை, தையல் மெசின், ஆடு என்று வீட்டையே கழற்றி ஏற்றிக்கொண்டு போனது. பெட்டி இல்லாதவன் உள்ளவனைக் கெஞ்சினான். அடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று ஒவ்வொரு பெயர்வுக்கும் பெட்டியில் சாமான் குறைந்தது. கடைசியில் முள்ளிவாய்க்காலில் பெட்டியையும் விட்டுவிட்டு நடந்தார்கள். போருக்குப் பிறகு அந்தக் கரையில் துருவேறிக் குவிந்து கிடந்த வாகனங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் எங்கள் பக்கத்து ட்ரக்டர்களும் இருந்திருக்கும்.

பிறகு வீதிகள் வந்தன. 2010 இல் மன்னார்த் தீவுக்குப் புதிய பாலம், 2011 ஜனவரியில் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகச் சங்குப்பிட்டிப் பாலம், 2015 மார்ச்சில் தலைமன்னார்வரை மறுபடி ரயில். வீதிக்கு முன்னாலேயே லீசிங் கொம்பனிகள் வந்துவிட்டன என்று சொன்னாலும் பிழையில்லை. முற்பணம் கொஞ்சம், மிச்சம் மாதத் தவணை. இரண்டு மூன்று தவணை தவறினால் 'சீஸ்' பண்ணுகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். போகத்துக்கு ஒருமுறை காசு காணும் கமக்காரனை மாதம் ஒருமுறை கட்டென்று சொன்னால் அவன் எங்கே போவான்? அப்போது எடுத்த கெப்புகளில் எத்தனையோ அறுவடைக்கு முந்தின மாதங்களில்தான் பறிபோயின. பட்டா பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். விலை குறைவு, தவணை சிறிது, வெங்காயம், தேங்காய், ஐஸ் என்று ஏதாவது ஏற்றி அன்றாடம் நாலு காசு பார்க்கலாம்.

வாகன அளவைப் பற்றிய கணக்கை உண்மையில் மாற்றியது வெட்டு மெசின் என்பது என் எண்ணம்.

முன்பு நெல் மெதுவாக வீடு வந்தது. அரிவாளால் வெட்டி, கதிரைக் கட்டி, களத்தில் சூடு வைத்து, நாள் பார்த்து மாட்டாலோ ட்ரக்டராலோ சூடு மிதித்து, தூற்றி, சாக்கில் போட்டு வண்டியில் ஏற்றும்போது வாரங்கள் போய்விடும். வண்டி நாலு நடை போனாலும் யாரும் அவசரப்படவில்லை. மழை வந்தால்தான் பதற்றம். இப்போது மெசின் ஒரு பக்கத்தால் வயலுக்குள் இறங்கி மறு பக்கத்தால் ஏறும்போது ஐந்து ஏக்கர் நெல்லும் ஒரே பின்னேரத்தில் வரம்பில் கொட்டிக் கிடக்கும், அதுவும் ஈரத்தோடு. நல்ல போகத்தில் ஏக்கருக்கு 90, 100 புசல். புசல் 21 கிலோ என்று வைத்தால் ஐந்து ஏக்கருக்குப் பத்துத் தொன். முக்கால் தொன் ஏற்றும் பட்டா பதினான்கு நடை போக வேண்டும். கெப் பத்து நடை. கன்ரர் மூன்று. ட்ரக்டர் பெட்டியும் ஏறக்குறைய அவ்வளவே, அதோடு சேற்றில் இறங்கி வரம்போரம்வரை வரும். கன்ரரின் ரயர் அங்கே புதைந்துவிடும். காய விட இடமில்லாதவன் அன்றிரவே ஈர நெல்லை வயல்கரையில் விற்கிறான். லொறியோடு வந்து நிற்கும் வியாபாரி சொல்வதுதான் விலை. சொந்தமாக ஏற்றிப் போகக்கூடியவன் மட்டுமே வீட்டு முற்றத்தில் காய வைத்து, விலை ஏறும்வரை பொறுக்கலாம். தாய் சொன்ன பெட்டியின் பெறுமதி இங்கேதான் தெரியும். வழக்கில் அவ வெல்லவில்லையே தவிர, கணக்கில் வென்றிருக்கிறா.

அப்படியென்றால் கெப் வீண் செலவா? இல்லை. பசளையும் விதைநெல்லும் கொண்டுவர, நடுச்சாமத்தில் பிள்ளைத்தாச்சியை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஓகஸ்ட் 15 இல் மடுத் திருவிழாவுக்கும் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்துக்கும் குடும்பத்தோடு போக அதைவிட வசதியான வாகனம் கிடையாது. மாத வாடகைக்கு விட்டும் பலர் உழைத்திருக்கிறார்கள். முதலில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் எடுத்தன, பிறகு வீதி வேலைக்காரர், அப்பால் தீவில் காற்றாலை நட வந்தவர்கள். தம்பபவனி என்று 2020 டிசம்பரில் திறந்த அந்த நிலையத்தில் மட்டும் 30 காற்றாலைகள்.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பக்கத்து மருமகப்பிள்ளை ஒருவர் வீடு திருத்தும் வேலை செய்கிறார். ஃபோர்ட் எஃப்-150 வைத்திருக்கிறார். படம் அனுப்பி, "மாமா, இதில ஒண்டு அங்க எடுத்தா என்ன?" என்று கேட்டார். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் ஆகக்கூட விற்கும் பிக்கப். அங்கே முழு அளவு என்றால் அதுதான். கண்ணாடியை மடக்கினாலும் இரண்டு மீற்றருக்கு மேல் அகலம், நீளம் ஆறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ஸ்ரியரிங் இடப்பக்கம். எங்கள் வாய்க்கால் கரையில் அது போனால் எதிரே வரும் சைக்கிள்காரன் தண்ணிக்குள் இறங்க வேண்டும். அமெரிக்கன் பெரிதையே விரும்பிப் பழகியதற்குப் பின்னால் ஒரு கோழிச் சண்டை உண்டு. ஐரோப்பியர் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964 முதல் வெளிநாட்டு இலகுரக லொறிகளுக்கு அமெரிக்கா 25 வீத வரி விதித்தது. அந்தச் சண்டை ஓய்ந்தும் வரி ஓயவில்லை. சின்ன ஜப்பான் பிக்கப்புகள் அங்கே நுழையக் கஷ்டப்பட்டபோது உலகின் மற்றப் பக்கமெல்லாம் அவை நிறைந்தன, மன்னார் உட்பட.

அந்தச் சின்னதும் இப்போது சின்னதாக இல்லை. 1968 இல் முதல் ரொயோட்டா ஹைலக்ஸ் வந்தபோது நீளம் நாலேகால் மீற்றருக்குக் கிட்ட, அகலம் 1.58 மீற்றர். இன்று டபுள் கெப் ஹைலக்ஸ் 5.3 மீற்றர் நீளம், 1.85 மீற்றர் அகலம். வளர்ந்ததெல்லாம் ஆட்கள் இருக்கும் பக்கம். முன்பக்கம் ஒரே வரிசை ஆசனமுள்ள சிங்கிள் கெப்பின் பின்பெட்டி இரண்டு மீற்றரைத் தாண்டும், டபுள் கெப்பில் அது ஒன்றரை மீற்றர் அளவில் நின்றுவிடும். மூடையைக் குறுக்கே போட்டால் கதவு பூட்டாது, நெடுக்கே போட்டால் எண்ணிக்கை குறையும். அமெரிக்காவின் பெரிய பிக்கப்புக்கும் இதே கதைதான், எட்டடிப் பெட்டி ஐந்தரை அடியானது. பாரம் சுமக்கப் பிறந்த வாகனம் உலகம் முழுவதும் ஆள் சுமக்கப் பழகிவிட்டது. எங்கள் மகன்மாரைமட்டும் குறைசொல்வது சரியில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் வழக்கு இன்னொரு பக்கம் திரும்பியது. ஓடித் தேய்ந்த கெப், புதிதாக வாங்கிய விலையைவிடக் கூட விலைக்குப் போனது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது கியூ.ஆர். முறை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், லொறிக்கு 50. வாகனத்தின் உண்மையான அளவைவிடப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்த வகுப்புக்குத்தான் மதிப்பு. உயிலங்குளத்துச் சனத்துக்கு எண்ணெயை அளந்து தருவது புதுமையா என்ன? பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே கான்களைத் தேடி எடுத்தார்கள். போத்தல் பெற்றோலில் எஞ்சின் பற்றவைத்த அந்தப் பொடியன்கள் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி திறந்தது. வரியோடு சேர்த்த விலையைப் பார்த்துவிட்டு, கெப் கேட்ட மகன்களே பழைய வாகனம் தேடத் தொடங்கினார்கள். இங்கே பழையது வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதல்ல, "மீன் ஏத்தினதோ?" என்பதுதான். பேசாலையிலும் வங்காலையிலும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் பின்பெட்டித் தகட்டின் மடிப்புக்குள் இறங்கி, சட்டத்தை உள்ளிருந்து தின்னும். மேலே புதுப் பெயின்ற் பளபளக்கும். வாகனத்துக்குக் கீழே படுத்து, பின்சில்லுக்கு மேலே வளையும் சட்டத்தில் ஒரு ஸ்குரூ ட்ரைவரை ஊன்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் எழும்பி, கையைத் தட்டிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

என்னைக் கேட்டால் பத்து ஏக்கருக்குள் செய்கிறவனுக்குக் கன்ரரும் வேண்டாம், டபுள் கெப்பும் வேண்டாம். நெல்லுக்கு ட்ரக்டர் பெட்டி, மற்றதற்கு மீன் ஏற்றாத சிங்கிள் கெப் ஒன்று. கொழும்புக்கு வாரம் தவறாமல் சரக்கு ஏற்றுகிறவன் கன்ரர் எடுக்கட்டும், அவனுக்கு அது உழைத்துக் கொடுக்கும். இதைச் சொன்னால் மகன் கேட்கும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: சிங்கிள் கெப்பில் அம்மா எங்கே இருப்பா?

அதற்குமட்டும் என்னிடம் பதில் இல்லை.