உஷார்! தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ரிவால்வர் இருக்கிறதா?

தொடாதீர்கள். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ‘இது எந்த வருஷத்து மாடல், என்ன விலைக்குப் போகும்?’ என்று ஃபேஸ்புக்கில் கேட்டே விடாதீர்கள். பழைய வீட்டை இடிக்கும்போதோ, பெரியவர் காலமான பிறகு பரணை ஒழிக்கும்போதோ எண்ணெய்த் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று கிடைத்தால், நம்மவர்கள் முதலில் செய்வது இந்த மூன்றையும்தான். மூன்றுமே வம்பு!

‘நூறு வருஷத்துப் பழசு சார், ஆன்டிக். இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம்’ என்று சொல்லும் ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். இணையத்தில் எங்கோ படித்திருப்பார். அவர் படித்தது அமெரிக்கச் சட்டம். அங்கே 1898-ஆம் ஆண்டு வரை தயாரான துப்பாக்கி ‘ஆன்டிக்’ கணக்கில் வரும். நம் ஊரில் வயதை வைத்து மட்டும் விலக்கு கிடையாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45-வது பிரிவில் பழைய ஆயுதங்களை விட்டுவைக்கிறது என்பது உண்மை. ஆனால் கொக்கி இருக்கிறது: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, சுடவே முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் வெடிக்கும் என்றால் அது துப்பாக்கிதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். கூடக் கிடந்த நாலு தோட்டாக்களுக்கும் இதே சட்டம்தான்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடைப்பவற்றில் பெயர்பெற்றது வெப்லி. பிரிட்டிஷ் ராணுவம் 1887-இல் மார்க் 1 ரகத்தை ஏற்றது. 1894-இல் மார்க் 2, 1897-இல் மார்க் 3, 1899-இல் மார்க் 4, 1913-இல் மார்க் 5, 1915-இல் முதல் உலகப் போரின் நடுவே மார்க் 6. இந்த மார்க் எண் துப்பாக்கியின் மேல்பட்டையிலேயே பொறித்திருக்கும். மார்க் 6-ஐத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்: குழல் ஆறு அங்குலம், பிடியின் அடி சதுரமாக முடியும். முந்தைய ரகங்களின் பிடி கிளி மூக்குபோல வளைந்திருக்கும். ‘வெப்லி அண்ட் ஸ்காட்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அது 1897-க்கு முந்தையதாக இருக்க முடியாது. அந்த ஆண்டில்தான் இரு நிறுவனங்களும் இணைந்தன. அகன்ற அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்தாக இருந்தது. அம்புக்குறியின் கீழே ஆங்கில ‘ஐ’ இருந்தால் இந்திய அரசுக்கு வந்தது.

‘மெட்ராஸ்’ என்றோ ‘கல்கத்தா’ என்றோ பொறித்திருப்பதைப் பார்த்து, இங்கேயே செய்த அபூர்வப் பொருள் என்று துள்ளுகிறவர்கள் உண்டு. கல்கத்தாவின் மான்டன், ரோடா, மெட்ராஸின் பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் இங்கிலாந்துச் சரக்கை வரவழைத்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. எங்கே செய்தது, எப்போது என்பதை, சுட்டுச் சோதித்த பின் பொறிக்கும் சோதனை முத்திரைகள்தான் சொல்லும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1904-இல் தன் முத்திரைகளை மாற்றிக்கொண்டது. பெல்ஜியத்தின் லியேஜ் நகர முட்டை வடிவ முத்திரைக்கு மேலே கிரீடம் இருந்தால் அது 1893-க்குப் பிந்தையது.

போலிகள் தனிக் கதை. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் வெப்லியை அரமும் சுத்தியும் வைத்தே நகலெடுத்தார்கள். எழுத்துத் தெரியாத கை பொறித்ததால் ‘என்’ எழுத்து திரும்பி நிற்கும், பெயரில் பிழை இருக்கும். விக்டோரியா ராணி 1901-இல் இறந்துவிட்டார், அவருடைய ‘வி.ஆர்.’ முத்திரையோடு 1910 என்று வருடம் போட்டிருந்தால் சிரித்துவிடலாம். சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அந்த இரும்பு எதைத் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. போலியும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே.

இனி, ஆயுத பூஜை ஆர்வலர்களுக்கு. புளி, உப்புக் காகிதம், செங்கல் பொடி எதுவும் வேண்டாம்! தேய்த்துப் பளபளப்பாக்கினால் போவது மேல்பூச்சும் விலையும் மட்டுமா? எண் அழிந்துபோன துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், அழித்தவர் அவரே என்று சட்டத்தின் 8-வது பிரிவு அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். விளக்குக்கு முன்னால் வைக்க ஆசைப்பட்டுக் கோர்ட் வாசலில் நிற்க வேண்டுமா?

சரி, என்னதான் செய்வது? பெரியவர் போனதோடு லைசென்ஸும் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 21-வது பிரிவின்படி தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வழியில் வாகனச் சோதனை என்றால் விளக்கம் எடுபடாது. வக்கீல் ஒருவரைக் கேட்டு, ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் சொல்லுங்கள். எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்லட்டும். குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். சிலிண்டரில் தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்க்கும் வீரமும் வேண்டாம். பழக்கப்பட்டவர் பார்க்கட்டும், அதுவரை உள்ளே தோட்டா இருப்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் பெரியவரின் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள். பத்திரங்கள், தபால் ஆபீஸ் பாஸ்புக்குகளோடு கிடக்கும். ரகம், அளவு, எண் எல்லாம் அதில் இருக்கும். துப்பாக்கியின் வரலாற்றுக்கும் உங்கள் பாதுகாப்புக்கும் அதைவிட நல்ல சாட்சி இல்லை. வாரிசுக்கு லைசென்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகளில் வழி உண்டு. ஆனால் .455 போன்ற படைத் தோட்டா அளவு என்றால் கலெக்டர் கையில் முடியாது, மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். லைசென்ஸ் வேண்டாம், அடையாளமாக இருந்தால் போதும் என்று தெருமுனை லேத் பட்டறையில் குழலை வெல்டிங் வைத்து அடைப்பதும் ஆபத்து. செயலிழக்கச் செய்வதற்கு விதிகளில் முறை இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குப் பார்சல் அனுப்பும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 100 ஆண்டு தாண்டிய தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஒப்படைக்கும்போது ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ரசீதில் ‘பழைய துப்பாக்கி 1’ என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். தயாரிப்பாளர் பெயர், மார்க், அளவு, எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.