காயும் களமும் – 9: சிறகை வெட்டாதே

போன ஆடியில் குற்றாலப் பேரருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டிக் கொட்டியது. குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அப்படித்தான். சாரலுக்காக வந்த அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் நான்கு பேரும் தென்காசியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் அடைந்து கிடந்தார்கள். சும்மா கிடக்கவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள், முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். நடத்தியவன் மருமகன்.

முதல் ராத்திரியே ஆட்டம் படுத்துவிட்டது. பாழடைந்த கோபுரம் ஒன்று, படிக்குப் படி பொறி, பூட்டிய கதவுகள் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தான். கூட்டாளிகளில் ஒருவன் ஆரகோக்ரா என்ற பறவை இனத்தை எடுத்திருந்தான். அவன் படி ஏறவே இல்லை. பறந்து போய் உச்சியில் உட்கார்ந்துகொண்டான். மற்ற மூவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு செல்போனை எடுத்துவிட்டார்கள்.

“மாமா, அவன் சிறகை வெட்டிரட்டுமா?” என்று மருமகன் என்னிடம் வந்து கேட்டான். முகம் செத்துப்போயிருந்தது.

இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோதே மனிதரல்லாத இனங்களுக்குத் தனிச் சலுகைகள் இருந்தன. அதற்கு ஈடாக வளர்ச்சிக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். குள்ளர் இனத்து வீரன் ஆறாம் லெவலோடு நின்றுவிடுவான், மனிதனுக்கு வரம்பே இல்லை. கேட்க நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால், சலுகை முதல் நாளே கைக்கு வந்துவிடும். தண்டனை பல மாதம் கழித்து வரும். அதற்குள் பல குழுக்கள் கலைந்தே போயிருக்கும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு வரம்பை எடுத்துவிட்டு வேறு கணக்குப் போட்டது. டிரோ என்ற இருண்ட எல்ஃப் இனத்தை எடுத்தால், முதல் லெவல்காரனையே மூன்றாம் லெவலாக எண்ண வேண்டும். பலன், மந்திரம் இருக்கும், உடம்பில் உயிர் இருக்காது. கூட வருகிறவர்கள் தாங்கும் அடியில் இவன் விழுந்துவிடுவான். 2015-இல் ஐந்தாம் பதிப்புக்கு இந்த ஆரகோக்ரா வந்தது. அப்போதைய விதிப்படி முதல் லெவலிலேயே ஒரு சுற்றுக்கு 50 அடி பறக்கலாம், நடுத்தரக் கவசமோ கனத்த கவசமோ போட்டால் மட்டும் முடியாது. அமைப்பு முறையில் நடந்த பொது ஆட்டங்களில் அப்போது அதை அனுமதிக்கவே இல்லை.

மூன்று வழியும் பலசாலியைப் பிடித்து நிறுத்தும் வழிகள். எனக்கு மூன்றுமே பிடிக்கவில்லை. பறக்க ஆசைப்பட்டுப் பறவையை எடுத்த பையனிடம் சிறகைப் பிடுங்கினால் அவனுக்கு என்ன மிஞ்சும்?

மருமகனிடம் பதில் சொல்லவில்லை. சாக்பீஸ் எடுத்து சிவப்பு சிமெண்டுத் தரையில் ஆடு புலி ஆட்டக் கட்டம் போட்டேன். உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், குறுக்கே வெட்டும் கோடுகள், 23 புள்ளிகள். புலிக்குச் சிற்றாற்றுக் கூழாங்கல் மூன்று, ஆட்டுக்குப் புளியமுத்து பதினைந்து. பறவைக்காரன் புலி. மற்ற மூவரும் சேர்ந்து ஆடு.

முதல் ஆட்டைப் புலிக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். பின்னால் புள்ளி காலி. புலி தாண்டி வெட்டியது. அடுத்ததும் போச்சு, அதற்கடுத்ததும். நாலாவது முத்தைக் கையில் உருட்டிக்கொண்டே ஒருவன் வெகுநேரம் கட்டத்தைப் பார்த்தான். கடைசியில் கீழ்க்கோட்டு மூலையில் வைத்தான். அங்கே அதைத் தாண்டிப் போய் விழப் புலிக்கு இடம் இல்லை. அந்த நிமிஷத்தில் மூன்று பேருக்கும் ஆட்டம் பிடிபட்டது. “ஒத்தை ஆட்ட விடாதய்யா, சோடி சேத்து வை” என்பாள் எங்கள் ஆச்சி. கோட்டில் பின்புள்ளி அடைந்திருந்தால் புலி அந்தப் பக்கமாகத் தாண்ட முடியாது.

நான் வியந்து வியந்து பார்ப்பது இதைத்தான். இந்த ஆட்டத்தில் புலியின் பாய்ச்சலைக் குறைக்கும் விதி ஒன்றுகூட இல்லை. முதல் காயிலிருந்து கடைசிக் காய் வரை அது முழுப் புலி. ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. ஆனால் பதினைந்து பேர். கையில் இருக்கும் ஆட்டைப் புலி தொட முடியாது. எங்கே இறக்குவது என்பது ஆட்டுக்காரன் முடிவு. எல்லா ஆடும் இறங்கிய பிறகுதான் ஆடு நகரும் என்பதால் அதுவரை நிதானம் வேண்டும். ஆடு ஜெயிப்பது புலியைக் கொன்று அல்ல, நகர இடமில்லாமல் கட்டி. எங்கள் மேற்கே புலி வெறும் காயல்ல. குற்றாலத்தில் ஓர் அருவிக்கே புலியருவி என்று பெயர். தெற்கே களக்காடு–முண்டந்துறையில் 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் வந்தது. புலியை நோஞ்சானாக்கி ஓர் ஆட்டம் செய்ய இந்த அடிவாரத்தில் யாருக்கும் மனசு வந்திராது.

நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டம் பாக்சால். நாலு புலி, இருபது ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் கணினியில் அலசி, 2009-இல் வெளியான கட்டுரையில் சொன்ன முடிவு: இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை. விதிப்புத்தகம் இல்லாமல் திண்ணையிலும் மேய்ச்சல் காட்டிலும் ஆடி வந்த ஆட்டத்துக்கு இப்படி ஒரு சமன் வாய்த்திருக்கிறது.

இரண்டாவது ஆட்டத்தில் மூன்று கல்லும் கட்டுப்பட்டன. மருமகன் எதுவும் பேசாமல் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

மறுநாள் ராத்திரி அவன் விரித்த கதையில் கோபுரம் இல்லை. வெள்ளம் புரளும் ஓர் அருவிப் பள்ளம், அக்கரையில் காயம்பட்ட கிராமத்தார் இருபது பேர், விடிவதற்குள் அவர்களைக் கடத்தியாக வேண்டும். பறவை மனிதன் ஒரு நொடியில் அக்கரை சேரலாம், யாரும் தடுக்கவில்லை. இருபது பேரைச் சுமக்க அவனால் ஆகாது. பாலத்துக்கு வடம் வேண்டும், வடத்தை இழுத்துப் பிடிக்கக் குள்ளன் வேண்டும், மேட்டிலிருந்து பறவையைக் குறிவைக்கும் வில்லாளிகளை மற்ற இருவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினொரு மணி இருக்கும். வெளியே சாரல். உள்ளே பறவைக்காரன் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தான்: “ஏலே, கயித்த விட்ராத! இறுக்கிப் பிடி, நான் இங்க கட்டுதேன்!”

(தொடரும்)