வீட்டுமனைக்கு முன்னால் இரைச்சல் வரைபடம்

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே, கம்பி வேலிக்குள் ஒரு குடியிருப்பின் மிச்சம் கிடக்கிறது. தெருக்கள் இருக்கின்றன, மணல்மேட்டில் வளைந்து ஏறும் தார்ச்சாலை இருக்கிறது, வீடு ஒன்றுகூட இல்லை. சர்ஃப்ரிட்ஜ் என்று அதற்குப் பெயர். 1920களிலிருந்து வசதி படைத்தவர்கள் கடலைப் பார்த்து வீடு கட்டிக்கொண்ட இடம். ஜெட் விமானங்கள் வந்த பிறகு, கிளம்பும் விமானங்கள் அவர்கள் கூரைக்கு மேலேதான் கடலை நோக்கிப் போயின. காது கொடுக்க முடியாத நிலை வந்ததும், 1960, 70களில் நகர நிர்வாகம் சுமார் 800 வீடுகளை விலைக்கு வாங்கியும் கட்டாயமாகக் கையகப்படுத்தியும் இடித்துத் தள்ளியது. வீட்டுக்கு முதலில் அனுமதி கொடுத்துவிட்டு இரைச்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் கணக்கு இப்படித்தான் முடியும். விமான இரைச்சலுக்கு வானத்தில் கிடைக்கும் தீர்வு பாதிதான். மீதி, எந்த நிலத்தில் வீடு கட்ட விடுவது, எதில் விடக்கூடாது என்ற முடிவில் இருக்கிறது. அந்த முடிவை ஓடுபாதை போடுவதற்கு முன்பே எழுத்தில், சட்டமாக எடுத்துவிட வேண்டும்.

இதற்கான கருவி ஒன்றும் புதிதல்ல. எந்த விமானம், எந்த ஓடுபாதையில், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்பதை வைத்துக் கணக்கிட்டு, ஒரே அளவு சத்தம் கேட்கும் இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் இரைச்சல் வரைபடம் கிடைத்துவிடும். அந்தக் கோடுகள் ஓடுபாதையின் இரு முனைகளிலும் நீளமாகவும் பக்கவாட்டில் ஒடுங்கியும் விழும். அதனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் இருக்கும் தெரு நிம்மதியாக உறங்க, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நேர்கோட்டில் இருக்கும் தெரு விழித்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 24 மணி நேரச் சராசரியைக் கணக்கிடும்போது, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் 10 டெசிபல் கூட்டுகிறார்கள். அதாவது ஓர் இரவு விமானம் பத்துப் பகல் விமானங்களுக்குச் சமம். இந்தச் சராசரி 65 டெசிபலைத் தாண்டும் இடம் வீடுகளுக்கு ஏற்றதல்ல என்பது அங்கே நெடுங்கால வழக்கம். அந்த எல்லையே தாராளமானது என்பது இப்போது தெரிகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 20 விமான நிலையங்களைச் சுற்றி 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 65 டெசிபலில் வசிப்பவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இரைச்சலால் கடுமையாக அவதிப்படுகிறார்கள். பழைய கணக்கு அதை நூற்றுக்குப் பன்னிரண்டு என்றே வைத்திருந்தது. ஐரோப்பாவுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை இன்னும் கீழே போய், விமான இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

அவதி என்பது எரிச்சலோடு நிற்பதில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரம், யாரும் திட்டமிடாமலேயே, இதற்கு ஒரு சோதனைக்கூடமாக அமைந்தது. 1992 மே மாதம் ஒரே இரவில் பழைய ரீம் விமான நிலையத்தை மூடிவிட்டு, மறுநாள் வேறொரு இடத்தில் புதியதைத் திறந்தார்கள். இரண்டு இடங்களின் அருகிலும் வசித்த பள்ளிப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் அதற்கு முன்பும் பின்பும் சோதித்துப் பார்த்தார்கள். புதிய நிலையத்தின் அருகில் இருந்த பிள்ளைகளுக்கு வாசித்துப் புரிந்துகொள்வதும், படித்ததை நெடுநாள் நினைவில் வைப்பதும் குறைந்தன. பழைய நிலையத்தின் பக்கத்துப் பிள்ளைகளோ, விமானங்கள் நின்றதும் மெல்ல மீண்டார்கள். ஊரும் பள்ளிக்கூடமும் அப்படியே இருக்க, மாறியது சத்தம் மட்டும்தான். பள்ளிக்கு எங்கே இடம் ஒதுக்குவது என்பது பிள்ளையின் படிப்பைத் தொடும் முடிவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விமானங்கள்தான் நாளுக்கு நாள் சத்தம் குறைந்து வருகின்றனவே, நிலத்தை ஏன் முடக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மையான கேள்வி. 1970களின் நடுவில் அமெரிக்காவில் சுமார் 70 லட்சம் பேர் 65 டெசிபல் கோட்டுக்குள் வசித்தார்கள். பயணிகள் பல மடங்கு பெருகியும், பிற்காலத்தில் அந்த எண்ணிக்கை சுமார் 4 லட்சமாகக் குறைந்தது. புதிய என்ஜின்கள் செய்த பெரிய காரியம் அது. ஆனால் கோடு சுருங்கச் சுருங்க, அது விட்டுப்போன நிலத்தில் மனை போட்டு விற்றுவிட்டால், பிறகு விமானங்கள் பெருகும் நாளில் அதே கோடு மக்களின் மேல் வந்து நிற்கும். ஒரு விமானத்தின் சத்தம் குறைந்தாலும் மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்தால் தூக்கம் தூக்கமாக இருக்காது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் 2001இல் வகுத்த கொள்கையில் என்ஜினை மட்டும் நம்பிவிடவில்லை. நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல், பறக்கும் முறைகள், இயக்கக் கட்டுப்பாடுகள் ஆகிய மூன்றையும் அதோடு சேர்த்தே வைத்தது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கடுமையானது. விமான நிலையம் இருப்பது தெரிந்துதானே மலிவாக மனை வாங்கினார்கள், இப்போது ஏன் புலம்ப வேண்டும்? வாங்குகிறவருக்கு என்ன தெரியும் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். சென்னையில் மேற்குக் காற்று வீசும் காலத்தில் கிண்டி, பரங்கிமலைப் பக்கமிருந்து இறங்கும் விமானங்கள், வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் பம்மல் பக்கமிருந்து இறங்கும். ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மனையைப் பார்த்தவருக்கு டிசம்பர் இரவு எப்படியிருக்கும் என்று எப்படித் தெரியும்? தரகர் சொல்லமாட்டார், பத்திரத்தில் இருக்காது. வாடகைக்கு வருகிறவருக்கும், அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் தேர்வு என்பதே இல்லை. தெரிந்து வாங்கினார் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் தெரிவித்திருக்க வேண்டும்.

நிலத்தின் சொந்தக்காரருக்கு நஷ்டம் என்ற குறையில் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்கு ஆகாத நிலம் வீண் நிலம் ஆகிவிடாது. கிடங்கு, தொழிற்கூடம், லாரி நிறுத்துமிடம், சரக்கு அலுவலகம், விவசாயம் எல்லாம் அங்கே தாராளமாக நடக்கலாம். ஒதுக்க வேண்டியவை வீடு, பள்ளி, மருத்துவமனை. அதற்கு மேலும் நஷ்டம் இருந்தால், அதை விமான நிலையத்தைக் கட்டுகிறவரே ஏற்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962இல் பிட்ஸ்பர்க் விமான நிலையம் தொடர்பான வழக்கில் இதைத்தான் சொன்னது: தாழப் பறக்கும் விமானங்களால் வசிக்க முடியாமல் போன வீட்டுக்கு, விமான நிறுவனங்கள் அல்ல, நிலையத்தை அமைத்த உள்ளாட்சியே இழப்பீடு தர வேண்டும். போதுமான நிலத்தை முதலிலேயே வாங்காதது அதன் தவறு. அந்தப் பாடத்தை டென்வர் நகரம் படித்தது. வீடுகள் சூழ்ந்த பழைய ஸ்டேபிள்டன் நிலையத்தை விட்டுவிட்டு, 1995இல் திறந்த புதியதற்கு 53 சதுர மைல் நிலம் எடுத்தது. அதைவிட முக்கியமானது, பக்கத்து ஆடம்ஸ் கவுன்டியோடு அது 1988இலேயே போட்ட ஒப்பந்தம். குறிப்பிட்ட இடங்களில் இவ்வளவுதான் சத்தம் கேட்கலாம் என்று வரம்பு வைத்து, சரிசெய்யாத ஒவ்வொரு மீறலுக்கும் 5 லட்சம் டாலர் என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு சண்டையே வராமல் இல்லை. நீதிமன்றம் வரை போனார்கள். ஆனால் பக்கத்து ஊர்க்காரர்கள் மனுவோடு அலையாமல், கையில் ஒப்பந்தத்தோடு போனார்கள்.

நம்மிடம் இருப்பது என்ன? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. 2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய மண்டலத்துக்கு வகுத்த வரம்பு பகலில் 70, இரவில் 65. இந்த இடைவெளிக்குள் வீடு கட்டலாமா என்பதே நாம் நேராகப் பதில் சொல்லாத கேள்வி. ஓடுபாதையின் அருகே கட்டடம் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்குத் தடையில்லாச் சான்று கேட்கிறோம், விமானத்தின் பாதுகாப்புக்காக. மாடியில் தூங்குகிறவருக்காகவும் அதே கறார் வேண்டும். சென்னைக்கென 2022இல் அறிவிக்கப்பட்ட புதிய பரந்தூர் விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கும் மேல் நிலம் தேவை. அதற்காக நிலம் கேட்கப்படும் ஏகனாபுரத்து மக்களின் எதிர்ப்பு நிலத்தையும் நீர்நிலைகளையும் பற்றியது. அது தனி நியாயம், அதற்குத் தனிப் பதில் வேண்டும். நிலம் எடுக்கப்படுகிறவருக்கு இழப்பீடு என்ற பேச்சாவது இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மிஞ்சப்போகும் ஊர்களின் இரைச்சலைப் பற்றி அந்தப் பேச்சும் இல்லை.

முதல் விமானம் இறங்கப் பல ஆண்டுகள் இருக்கும்போதே செய்ய முடிகிற காரியம் இது. ஓடுபாதைகள் முழு அளவில் இயங்கும் நாளின் இரைச்சல் வரைபடத்தை அரசு தமிழில் வெளியிட்டு ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்ட வேண்டும். லேஅவுட் அனுமதியிலும் வில்லங்கச் சான்றிதழிலும் அந்தக் கோட்டைக் குறிக்க வேண்டும். சுற்றியுள்ள ஊராட்சிகளோடு வரம்பும் அபராதமும் உள்ள ஒப்பந்தம் போட வேண்டும். விமான நிலையத்துக்கு மிக அருகில் என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்கக் கிளம்புகிறவர்கள், அந்த மனை ஓடுபாதையின் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள்.