பால்கோவா அடுப்பும் ஓட்டக்காரரின் வியர்வையும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைச் சுவைத்திராத தமிழர் குறைவு. அது கிண்டப்படும் அடுப்பின் அருகே சற்று நின்று பார்த்திருக்கிறீர்களா? பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதியை விரட்டத்தான் அவ்வளவு நெருப்பு. கொதிநிலையை எட்டிவிட்ட ஒரு கிராம் நீரை ஆவியாக மாற்ற மட்டுமே சுமார் 540 கலோரி வேண்டும். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று இதைத்தான் சொல்கிறோம். தோலின் வெப்பநிலையில் ஆவியாகும் நீருக்கு இன்னும் அதிகம், ஏறத்தாழ 580 கலோரி. பால்கோவா போடுபவருக்கு விறகுச் செலவாக முடியும் இந்த வெப்பம், ஓட்டக்காரரின் உயிரைக் காக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 60 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவர் அந்தச் சாலையில் 10 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்ளுங்கள். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல உடல் சுமார் ஒரு கிலோகலோரி, அதாவது 1,000 கலோரி செலவிடுகிறது. ஆக மொத்தம் 600 கிலோகலோரி. இதில் முக்கால் பங்காவது, அதாவது 450, வெறும் வெப்பமாகிவிடும். அவர் உடலை ஒரு பாகை சூடாக்க 50 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லையெனில், 37 பாகையில் புறப்பட்டவர் 46 பாகையில் போய்ச் சேர வேண்டும். 42 பாகையைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து!

கோடை வெயிலில் காற்றும் தோலளவுக்குச் சூடாகிவிடுவதால் வியர்வை ஒன்றே கதி. 450 கிலோகலோரியை அகற்ற முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் வியர்வை ஆவியாக வேண்டும். ‘ஆவியாக’ என்பதைக் கவனியுங்கள். சொட்டி மண்ணில் விழும் வியர்வையால் உடலுக்கு நீர் நஷ்டமே தவிர, குளிர்ச்சி இல்லை. வறண்ட காற்றில் வியர்வை சீக்கிரம் உலரும். சென்னைக் கடற்கரையில் வழிந்துகொண்டே இருக்கும். 2019-இல் தோகா நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். வெயில் இல்லை, ஆனால் காற்றில் புழுக்கம் கடுமை. புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை.

வியர்வைக்கான நீரில் ஒரு பகுதி இரத்தத்திலிருந்து வருகிறது. இரத்தத்தின் அளவு குறையக் குறைய, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுவதும் குறைகிறது. ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. வேலை செய்யும் தசைக்கும் இரத்தம் வேண்டும், வெப்பத்தைச் சுமந்து தோலுக்குப் போகவும் இரத்தம் வேண்டும். இரண்டுக்கும் போதாதபோது உள்ளே சூடு ஏறுகிறது, கால் தளர்கிறது. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் போனாலே, வெயிலில் நெடுந்தூரம் ஓடுபவரின் வேகம் பொதுவாகக் குறையத் தொடங்கும். நம் இளைஞருக்கு அது 1.2 லிட்டர்தான்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய ஓ.பி. ஜெய்ஷா முடிவுக் கோட்டைக் கடந்ததும் சுருண்டு விழுந்தார். வழியில் இந்தியாவுக்கான குடிநீர் மேசைகளில் ஆளே இல்லை என்றார் அவர். தடகளக் கூட்டமைப்பு அதை மறுத்தது.

‘ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடிக்கும்’ என்று மைதானங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு செம்பை ஒரே மூச்சில் கவிழ்த்தால் பிடிக்கத்தான் செய்யும்! தாகத்துக்கேற்ப இரண்டு மூன்று மடக்காகக் குடிப்பவருக்கு அந்தத் தொல்லை குறைவு. தாகத்தை மீறிக் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் இது மிகுதி. அத்தனை தண்ணீர் குடித்திருக்கிறார்கள்!

உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை ஒரு தராசே சொல்லிவிடும். ஓடுவதற்கு முன்பும், ஓடி முடித்து வியர்வையைத் துடைத்த பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதைச் சிறிது சிறிதாக ஈடுசெய்ய, தேர் இழுப்பவர்களுக்கு நம் ஊர்களில் கொடுக்கும் உப்பிட்ட நீர்மோர் நல்ல பானம்.