தகடு கிழியும் இடம்

திருமறையில் இரும்பின் பெயராலேயே 'அல்ஹதீத்' என்றோர் அத்தியாயம் உண்டு. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்ட செய்தியையும் அதே திருமறையில் காண்கிறோம். அந்த மென்மை இறையருளின் பாற்பட்டது. தொழிற்சாலையிலோ மென்மையின் எல்லையைக் கணக்கிட்டே அறிய வேண்டியுள்ளது. ஒரு மில்லிமீட்டரினும் மெல்லிய எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி மகிழுந்தின் கதவாக்குகின்றனர். அஃது எவ்வளவு இழுபடும், எங்கே கிழியும் என்பவற்றை அச்சு செதுக்கப்படுமுன்னரே அறிந்தாக வேண்டும். அச்சு முடிந்தபின் அறிந்தால் பெரும்பொருள் விரயமாகும். மெலிந்த இடம் கண்ணில் படாமல் வண்டியோடு சாலைக்கு வந்துவிட்டாலோ இழப்பு பொருளோடு நில்லாது.

இழுபட்ட அளவைப் பொறியியலார் 'திரிபு' என்பர். இலக்கணம் பயின்ற நமக்கு இச்சொல் புதிதன்று. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் மூன்றனுள் நடுவணது அது. தகட்டிலும் திரிதலுக்குப் பின்னரே கெடுதல். ஆயினும் இரண்டிற்கும் இடையே மற்றொரு நிலை உண்டு.

ஒரு தகட்டுப் பட்டையை இருமுனையிலும் பற்றி இழுத்தால் முதலில் முழுதும் ஒருசீராக நீளும். நீளும்போது மெலியும், அதே வேளையில் உலோகம் இறுகி வலுவும் கூடும். மெலிவால் வரும் இழப்பை இறுக்கம் ஈடுசெய்யும் வரை கேடில்லை. ஈடுசெய்ய இயலாத கணத்திலிருந்து நீட்சி ஓரிடத்தே குவிகிறது. முடிவில் அங்கே குறுகிய பள்ளம் விழுகிறது. அதனைக் 'கழுத்து' என்பர். பின்னர் இழுப்பதெல்லாம் கழுத்தையே நீட்டும். ஏனைய பகுதி வாளா இருக்கும். இக்குவிதல் தொடங்கும் நிலைக்குரிய கணக்கைப் பிரெஞ்சுப் பொறியாளர் கான்சிடேர் 1885-இல் வகுத்தார்.

பட்டை ஒரு திசையில் இழுபடுகிறது; அச்சிலுள்ள தகடோ பல திசைகளிலும் இழுபடுகிறது. இதற்கு விடை காணும் வழியை அமெரிக்கரான ஸ்டூவர்ட் கீலர் 1960-களின் தொடக்கத்தில் வகுத்தார். வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. தகட்டின்மேல் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டங்களை முன்னரே பொறித்துவிடுவர். அழுத்தியபின் வட்டங்கள் நீள்வட்டங்களாகியிருக்கும். நெட்டச்சும் குற்றச்சும் எவ்வளவு மாறின என அளந்து, கிழிந்த இடத்தையும் கிழியாத இடத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்தால் இரண்டிற்கும் இடையே ஓர் எல்லைக்கோடு புலப்படும். நீளும்போது அகலம் சுருங்கும் இடங்களுக்குரிய பாதியைக் குட்வின் 1968-இல் சேர்த்தார். எவர்சில்வர் தம்ளரை அழுத்தி எடுக்கும்போது விளிம்பு வட்டங்கள் அடையும் மாற்றம் இந்தப் பாதியைச் சேர்ந்ததே.

இக்கோட்டின் வடிவம் நாம் எண்ணுவதுபோல் இல்லை. 0.8 மில்லிமீட்டர் மென் எஃகுத் தகட்டை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் நீளம் 30 விழுக்காடும் அகலம் 30 விழுக்காடும் பெருகின. தடிப்பு ஏறத்தாழ 41 விழுக்காடு குறையும். வேறோரிடத்தில் அகலம் மாறவில்லை, நீளம் மட்டும் 38 விழுக்காடு பெருகிற்று. தடிப்பில் குறைவது 28 விழுக்காடே. மிக மெலிந்ததே கிழியும் என்று எவரும் சொல்வர். ஆனால் முன்னது தாங்கும், பின்னதே கிழியும். காரணம் கழுத்தின் வடிவில் உள்ளது. அது நீண்ட வாய்க்கால் போன்றது. தன் நீளவாக்கில் மாறாமல் ஆழப்படுவதே அதன் இயல்பு. அகலம் மாறாத இழுப்பு அதற்கு ஏற்ற வழியைத் திறந்துவிடுகிறது. பக்கவாட்டு இழுப்போ வாய்க்கால் திரண்டு உருவாவதைத் தாமதப்படுத்துகிறது. தகட்டில் தொடக்கத்திலேயே சற்று மெலிந்த பட்டை ஒன்று இருப்பதாகக் கொண்டு, அது கழுத்தாவதைக் கணக்கால் காட்டியவர்கள் போலந்து அறிஞர்களான மார்ச்சினியாக், குச்சின்ஸ்கி ஆகியோர் (1967).

இன்று கணினியில் தகட்டைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் திரிபையும் இக்கோட்டோடு ஒப்பிடுகின்றனர். பாதுகாப்புக் கருதிக் கோட்டிற்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்கின்றனர். எனினும் கோட்டை முழுதும் நம்புதல் கூடாது. முதலில் ஒரு திசையிலும் பின்னர் வேறு திசையிலும் இழுக்கப்பட்ட தகட்டிற்குக் கோடே இடம் மாறிவிடும்.

வண்டியின் எடையைக் குறைக்கவும் மோதலில் உயிர் காக்கவும் இப்போது பயன்படும் வலிய எஃகுகள் வேறொரு சிக்கலைத் தருகின்றன. அவற்றுட் சிலவற்றில் மென்மையான மணிகளும் கடினமான மணிகளும் கலந்துள்ளன. இழுபடும்போது இரண்டும் சந்திக்கும் இடங்களில் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி, வளர்ந்து, ஒன்றோடொன்று இணைகின்றன. கூரிய வளைவுகளிலும் வெட்டிய விளிம்புகளிலும் இத்தகடு கழுத்து என்னும் முன்னறிவிப்பே இன்றிப் பிளந்துவிடும். கழுத்தை அடிப்படையாகக் கொண்ட கோடு இங்கே துணை செய்யாது. ஆகவே விளிம்பைத் தனியே சோதிக்கின்றனர். தகட்டில் 10 மில்லிமீட்டர் துளையிட்டு, 60 பாகைக் கூம்பை அதனுள் செலுத்தி, விளிம்பில் தடிப்பு முழுதும் விரிசல் ஊடுருவும் வரை துளையை விரிப்பர். ஒரே தகடுதான், ஆயினும் குத்தி எடுத்த துளை விரைவில் பிளக்க, குடைந்து மெருகிட்ட துளை நெடுந்தூரம் விரிந்து கொடுக்கிறது.