நாயுடன் தனியாக ஊருக்கு வருகிறவர்களே, உஷார்! பூட்டிய கார் எமன் ஆகும்!

பட்டுக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் பொங்கல், தீபாவளி என்றால் இப்போது ஒரு புதுக்காட்சி.

வாசலில் கார் வந்து நிற்கும். ஓட்டி வந்த மகன் இறங்குவான். பின்கதவைத் திறப்பான். வாசலுக்கு ஓடி வந்த தாய் எட்டிப் பார்த்தால், குதித்து இறங்குவது நாய்!

"ஒரு பொண்ணைக் கூட்டியாருவேன்னு பார்த்தா, நாயைக் கூட்டியாந்திருக்கியேப்பா!"

வெளியூரில் அறை எடுத்துத் தனியாக இருந்து வேலை பார்க்கும் வாலிபர்கள் நாய் வளர்க்கிறார்கள். பெண்களும் வளர்க்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் புறப்பட்டால், அதற்குச் சோறு வைக்க ஆள் இல்லை. அதனால் நாயும் ஊருக்கு வருகிறது.

ரெயிலில் முடியாதா?

முடியும். ஆனால் சுலபம் அல்ல. குளிர்சாதன முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால்தான் நாயைக் கூடவே வைத்துக் கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். வீட்டு நாய் அந்தச் சத்தத்தில் மிரண்டு போகும்.

ஆகவே கார்தான் கதி. சென்னையில் இருந்து விக்கிரவாண்டி, பண்ருட்டி, கும்பகோணம் வழியாகப் பட்டுக்கோட்டை சுமார் 350 கிலோ மீட்டர். நிறுத்தி நிறுத்தி வந்தால் 7 மணி நேரத்துக்குக் குறையாது. இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

"ஒரு காபி குடிச்சுட்டு..."

இரண்டு பேர் வந்தால் ஒருவர் சாப்பிடப் போகலாம், மற்றவர் நாயைப் பார்த்துக் கொள்ளலாம். தனியாக வருகிறவர் என்ன செய்வார்? காரைப் பூட்டுவார். கண்ணாடியை ஒரு விரல் இறக்கி விடுவார். "ஒரு காபி குடிச்சுட்டு வந்துடறேண்டா" என்று நாயிடம் சொல்லி விட்டுப் போவார்.

வெளியே 35 டிகிரி வெயில் என்றால், பூட்டிய காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டு விடும். அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டும். கண்ணாடியை ஒரு விரல் இறக்குவதால் பெரிய பலன் இல்லை.

மனிதனுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு அப்படி வேர்ப்பது இல்லை. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றே கொதித்தால் அது என்ன செய்யும்? காபி குடித்து விட்டு வருவதற்குள் உயிர் போய்விடும்.

நாய் விடாமல் மூச்சு இரைத்தால், எச்சில் ஒழுகினால், ஈறு சிவந்தால், தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டு போக வேண்டும். உடம்பில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். பிறகு தாமதம் இல்லாமல் கால்நடை டாக்டரிடம் போக வேண்டும்.

விடிவதற்கு முன் புறப்படுவதே நல்லது. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிழலில் நிறுத்தி, நாயை இறக்கித் தண்ணீர் காட்ட வேண்டும். புறப்படும் முன் வயிறு நிறையச் சோறு போடக்கூடாது. வழியில் வாந்தி எடுக்கும். சாப்பாட்டைக் கட்டி எடுத்துக் கொண்டால் ஓட்டலுக்குள் போகும் வேலையே இல்லை.

காட்சி எங்கே?

நாயுடன் தஞ்சைப் பெரிய கோவிலுக்குள் போக முடியாது. வடுவூர் பறவைகள் சரணாலயத்துக்கும் போக முடியாது. கோடியக்கரைக் காட்டில் வெளிமான்கள் மேய்கின்றன. நாய் விரட்டினால் மான் மிரண்டு ஓடும். அங்கும் நாய்க்கு இடம் இல்லை.

ஆனால், பட்டுக்கோட்டைச் சீமையின் அழகு மதில் சுவருக்குள்ளா இருக்கிறது?

1934-ம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிந்த காலத்தில், கல்லணையில் இருந்து வெட்டிய கால்வாய்தான் 'புதாறு'. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து மேட்டு நிலங்களை எல்லாம் நஞ்சை ஆக்கியது அந்தத் தண்ணீர்தான். ஒரு பக்கம் நெல் வயல். மறுபக்கம் தென்னந்தோப்பு. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி 'கஜா' புயலில் சாய்ந்த தோப்புகளில் மறுபடியும் நட்ட கன்றுகள் இப்போது தலை தூக்கி நிற்கின்றன.

தெற்கே போனால் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 2-ம் சரபோஜி மன்னர் கட்டிய 8 அடுக்குக் கோபுரம். வெளியே நாயைப் பிடித்துக் கொண்டு நின்று பார்த்தாலும் கோபுரம் தெரியும், கடலும் தெரியும்.

சங்கிலி அவசியம்

அழகான இடம்தானே என்று நாயை அவிழ்த்து விட்டால் வினைதான்.

வயலில் எலிக்கு விஷம் வைப்பது உண்டு. பொரியும் எண்ணெயும் கலந்த வாசனைக்கு நாய் ஓடும். எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே கிடையாது. வரப்பு ஓரத்தில் மூங்கில் கிட்டியும் வைத்திருப்பார்கள்.

கால்வாயிலும் எச்சரிக்கை தேவை. கரைக்கு இப்போது பல இடங்களில் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். சரிவான அந்தக் கரையில் நாய்க்குப் பிடி கிடைக்காது. தண்ணீர் ஓடும்போது விழுந்தால் ஏற முடியாது.

கடற்கரையில், வலையில் இருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் கிடக்கும். அதைத் தின்றால் நாய் பிழைப்பது கஷ்டம்.

ஆபத்து என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். தஞ்சாவூரில் இருந்து வரும் வழியில், ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 2012-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அது.

வெறிநாய்க்கடி ஊசி போட்ட சீட்டும் கையில் இருக்க வேண்டும். புது நாயைக் கண்டால் தெரு நாய்கள் சும்மா விடாது. மனிதரைக் கடித்து விட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். வெறிநோய் வந்து விட்டால் பிழைக்க வழி இல்லை.

அமெரிக்க எழுத்தாளர்

இப்படி நாயுடன் ஊர் சுற்றியவர்களில் உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக். 1960-ம் ஆண்டு, தன் 58-வது வயதில், வீடு போல அமைத்த ஒரு லாரியில் 'சார்லி' என்ற நாயுடன் புறப்பட்டார். இடையே சில இடங்களில் மனைவி வந்து சேர்ந்து கொண்டார். மற்ற நாட்களில் பேச்சுத் துணை நாய்தான். கலிபோர்னியாவில் உள்ள சொந்த ஊர்ப் பக்கமும் போய் சகோதரிகளைப் பார்த்தார்.

வழியில் சார்லிக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அவசரப்படவில்லை அவர். மிருக டாக்டரிடம் விட்டு, சில நாள் காத்திருந்து, குணமான பிறகே அழைத்துச் சென்றார். அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். புத்தகம் வெளிவந்த 1962-ம் ஆண்டிலேயே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இங்கே வருகிறவருக்குப் பரிசு எதுவும் வேண்டாம். நாயை உயிரோடு கொண்டு வந்து, உயிரோடு திருப்பிக் கொண்டு போனால் போதும்.

முதல் நாள் "வாசப்படிக்கு வெளியவே கட்டு" என்று சொல்லும் தாய், மூன்றாம் நாள் மகன் புறப்படும்போது ஒரு பொட்டலத்தை நீட்டுவார்.

"தயிர்சோறு வச்சிருக்கேன். உனக்கு இல்லப்பா, அதுக்கு! வழியில நல்ல மரத்தடியா பார்த்து நிறுத்திப் போடு. காருக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிடாதே!"